பணத்தின் பழைய மதிப்பைச் சொல்லும் மூன்று கணிப்பான்கள்: ஒரு மதிப்பீடு

பழைய கணக்கேட்டிலோ, பத்திரத்திலோ, வரலாற்று நூலிலோ ஒரு தொகையைப் பார்த்தவுடன், இன்றைய கணக்கில் அது எவ்வளவு இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே இணையத்தில் பணவீக்கக் கணிப்பான்கள் பல இருக்கின்றன. அவற்றில் நம்பகமான தரவின் மேல் நிற்பவை என்று நான் கருதும் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் கணிப்பான், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கணிப்பான், லாரன்ஸ் ஆஃபிசர், சாமுவேல் வில்லியம்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் தொடங்கிய மெஷரிங்வொர்த் என்னும் தளம். மூன்றுக்கும் கட்டணம் இல்லை. மூன்றும் நேர்மையாகத்தான் கணக்கிடுகின்றன. ஆனால் முதல் இரண்டும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பதோ வேறு கேள்வி. மூன்றாவது தளத்தை நான் மேலாகக் கருதுவதற்குக் காரணம், அது அந்த வேறுபாட்டை மறைக்காமல் முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான்.

அமெரிக்கப் பணியகத்தின் கணிப்பான் மிக எளிமையானது. தொகையையும், தொடக்க மாதம், ஆண்டு, முடிவு மாதம், ஆண்டு ஆகியவற்றையும் கொடுத்தால் ஒற்றை வரியில் விடை வருகிறது. 1913 ஜனவரி முதல் அண்மை மாதம் வரையிலான நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டெண்தான் இதன் அடிப்படை. 1913 ஜனவரியின் 100 டாலருக்கு நிகரான வாங்கும் திறனைப் பெற 2024 ஜனவரியில் ஏறத்தாழ 3,150 டாலர் தேவைப்படும் என்று அது காட்டும். தலைகீழாகச் சொன்னால், 1913இல் பெட்டியில் வைத்துப் பூட்டிய ஒரு டாலர் தாள் 2024இல் அன்றைய மூன்று சென்ட் மதிப்புள்ள பொருளைத்தான் வாங்கும். கையில் சும்மா கிடந்த பணம் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. அந்த அளவில் இந்தச் சேவையில் குறை காண எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் விடையைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணிப்பான் எப்போதும் விலை எவ்வளவு ஏறியது என்றுதான் காட்டும். பணத்தின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்பதைப் படிப்பவர் தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே சதவீதம் அல்ல. விலை 25 சதவீதம் ஏறினால் பணத்தின் மதிப்பு 20 சதவீதம் இறங்குகிறது. விலை இரு மடங்கானால், அதாவது 100 சதவீதம் ஏறினால், மதிப்பு பாதியாகிறது. ஆண்டுக்கு 3 சதவீதம் என்று சொல்லப்படும் பணவீக்கம் கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும், அது தொடர்ந்தால் 24 ஆண்டுகளுக்குள் பணத்தின் வாங்கும் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். இந்த ஒற்றை வரியையாவது விடையின் கீழே சேர்த்திருந்தால், ஓய்வூதியத்துக்காகவும் நீண்டகாலச் சேமிப்புக்காகவும் இதைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும். பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் கணிப்பானில் ஆண்டுச் சராசரிப் பணவீக்க விகிதத்தையும் சேர்த்துத் தருகிறது. அது நல்ல ஏற்பாடு.

குறியீட்டெண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாமல் இந்தக் கணிப்பான்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது மக்கள் நுகரும் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் விலையை அளப்பது. பங்குகள், கடன் பத்திரங்கள், நிலம் போன்ற முதலீடுகள் அதில் சேர்வதில்லை. வருமான வரியும் சேர்வதில்லை. வீடுகூட 1983 முதல் அமெரிக்கக் குறியீட்டெண்ணில் வேறு வகையில்தான் இடம்பெறுகிறது: வீட்டின் விற்பனை விலையை நேரடியாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு, சொந்த வீட்டில் குடியிருப்பவர் அதே வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்ற மதிப்பீட்டைச் சேர்க்கிறார்கள். வீட்டை ஒரு சொத்தாகவும் அதில் குடியிருப்பதை ஒரு நுகர்வாகவும் பிரித்துப் பார்க்கும் இந்த முறை பொருளியல் நோக்கில் சரியானதே. ஆயினும் இதன் விளைவாக, வீட்டு விலைகள் பாய்ந்து ஏறும் காலத்தில், வீடு வாங்கக் காத்திருக்கும் ஒருவர் உணரும் இழப்பு கணிப்பானின் விடையில் முழுமையாகத் தெரியாது.

அளவீட்டின் துல்லியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1996இல் பொருளியல் அறிஞர் மைக்கேல் பாஸ்கின் தலைமையிலான குழு, அமெரிக்கக் குறியீட்டெண் வாழ்க்கைச் செலவின் உயர்வை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1 சதவீதப் புள்ளி மிகைப்படுத்துகிறது என்று அறிவித்தது. பொருள்களின் தரம் உயர்வதையும், ஒன்றின் விலை ஏறும்போது மக்கள் வேறொன்றுக்கு மாறுவதையும் குறியீட்டெண் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது அதன் வாதம். அதன் பிறகு கணக்கிடும் முறைகள் பலவாறு திருத்தப்பட்டன. ஓர் ஆண்டில் 1.1 என்பது சிறியது. முப்பது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பெருக்கினால் அது 38 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே கணிப்பான் சென்ட் வரைக்கும் எழுதிக் காட்டும் விடையை அந்தத் துல்லியத்தோடு நம்புவதற்கு இல்லை. அதற்காக இந்த எண்ணைப் பயனற்றது என்று ஒதுக்குவதும் சரியல்ல. 1997 முதல் அமெரிக்க அரசு வெளியிட்டுவரும் பணவீக்கப் பாதுகாப்புள்ள கடன் பத்திரங்களின் அசல் தொகை இதே குறியீட்டெண்ணை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. அரசே தன் கடனை இந்த எண்ணைக் கொண்டு தீர்க்கும்போது, அதன் பின்னே உள்ள உழைப்பையும் பொறுப்பையும் நாம் மதிக்க வேண்டும்.

இனி, மதிப்பைக் காப்பாற்றும் என்று பெயர் பெற்ற சொத்துகளை இந்தக் கணிப்பானின் முன் நிறுத்திப் பார்க்கலாம். இந்தச் சேவையின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. அதைத் தயாரித்தவர்கள் இதற்கென்று அமைக்கவில்லை என்றாலும், வேறெந்தப் பயனைவிடவும் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1980 ஜனவரியில் தங்கம் ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (ஏறத்தாழ 31 கிராம்) 850 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. 1999 ஆகஸ்டில் அதன் விலை 255 டாலருக்கும் கீழே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் விலைகள் ஏறிய அளவைக் கணிப்பானில் பார்த்தால், 1980 ஜனவரியின் 850 டாலருக்கு ஈடாக 1999 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,825 டாலர் தேவை என்று வருகிறது. ஆகவே, உச்சத்தில் தங்கம் வாங்கியவர் பத்தொன்பது ஆண்டுகளில் வாங்கும் திறனில் 85 சதவீதத்துக்கும் மேல் இழந்திருக்கிறார். வெறும் விலைகளை மட்டும் பார்த்தால் இழப்பு 70 சதவீதம் என்றுதான் தெரியும். அதே தங்கத்தை 1913இல் ஓர் அவுன்ஸுக்கு 20.67 டாலர் என்ற அரசு நிர்ணயித்த விலையில் வாங்கி 2024 வரை வைத்திருந்தால் கதை முற்றிலும் வேறு: விலைவாசிக்கு ஈடுகொடுக்க 655 டாலர் போதும், 2024இல் தங்கமோ ஆண்டு முழுவதும் அதைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் விற்றது. தங்கம் மதிப்பைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு, எப்போது வாங்கி எப்போது விற்பது என்பதைச் சொல்லாமல் விடை இல்லை.

அதிலும் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. 1933இல் அமெரிக்க அரசு பொதுமக்கள் தங்க நாணயங்களையும் கட்டிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1934 ஜனவரியில் விலையை 35 டாலராக உயர்த்தியது. ஒப்படைத்தவர்களுக்குக் கிடைத்தது பழைய விலைதான். அங்கே தனிமனிதர் தங்கக் கட்டி வைத்திருக்கும் உரிமை முழுமையாகத் திரும்பியது 1974ஆம் ஆண்டின் இறுதியில். எந்தக் கணிப்பானும் இப்படிப்பட்ட ஆணைகளைக் கணக்கில் கொள்ளாது. சொத்தை இடைவிடாமல் கையில் வைத்திருக்க முடிந்தது என்றே அது எடுத்துக்கொள்ளும்.

பங்குச் சந்தையைப் பற்றிய பழைய செய்தி ஒன்றையும் இதே முறையில் சோதிக்கலாம். அமெரிக்கப் பெருநிறுவனங்களின் பங்கு விலைகளைக் காட்டும் டௌ ஜோன்ஸ் தொழில் சராசரி 1929 செப்டம்பரில் 381.17 என்ற உச்சத்தை அடைந்து, 1932 ஜூலையில் 41.22க்கு வீழ்ந்தது, பழைய உச்சத்தை மீண்டும் தாண்டியது 1954 நவம்பரில். இருபத்தைந்து ஆண்டுகளில் மீண்டுவிட்டது என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். ஆனால் அதற்குள் விலைவாசி பாதிக்கும் மேல் ஏறியிருந்தது. கணிப்பானின்படி 381க்கு நிகராக 1954இல் 590 வந்திருக்க வேண்டும். உண்மை மதிப்பில், அதாவது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், அந்தச் சராசரி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியே நின்றது. இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும்: நிறுவனங்கள் தம் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஈவுத்தொகை இந்தச் சராசரியில் சேராது. ஈவுத்தொகையைத் திரும்பத் திரும்பப் பங்குகளிலேயே இட்டவர் பல ஆண்டுகள் முன்னதாகவே மீண்டிருப்பார். சொத்து ஈட்டித் தரும் வருவாயை விட்டுவிட்டு விலையை மட்டும் ஒப்பிடுவது பங்குக்கும் வாடகை வரும் வீட்டுக்கும் பாதகமாகவும், எதையும் ஈட்டாத தங்கத்துக்குச் சாதகமாகவும் முடியும்.

அதே காலத்தில் பணம் என்ன ஆயிற்று என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1929 செப்டம்பரின் 100 டாலருக்கு ஈடு 1933 மார்ச்சில் வெறும் 73 டாலர்தான் என்று கணிப்பான் காட்டுகிறது. அதாவது விலைகள் பொதுவாக இறங்கும் பணவாட்டத்தால் கையிலிருந்த பணம் மதிப்பில் வளர்ந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. வைப்புத்தொகைக்குக் காப்பீடு 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. கடன்பட்டவர்களின் சுமையோ, தொகை மாறாமலே கனத்தது. எண் ஒன்றுதான், பணத்தை வைத்திருந்தவருக்கும் கடன் வைத்திருந்தவருக்கும் அது எதிரெதிரான செய்தியைச் சொன்னது.

பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கணிப்பானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1209 முதல் பவுண்டின் மதிப்பை அது தருகிறது. இவ்வளவு நீண்ட தொடர் ஓர் அரிய செல்வம். மாத வாரியாக அல்லாமல் ஆண்டுச் சராசரிகளைக் கொண்டு இயங்குவதால் குறுகிய காலக் கணக்குக்கு இது ஏற்றதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் விலைகளை இன்றைய விலைகளோடு இணைப்பது பல வரலாற்று ஆய்வுகளின் மதிப்பீடுகளை ஒன்றோடொன்று தொடுத்துச் செய்யப்படும் வேலை. அன்று இல்லாத பொருள்களே இன்றைய செலவில் பெரும்பங்கு என்பதால், அந்தத் தொலைவில் விடையை ஓர் அடையாளமாக மட்டுமே கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கணிப்பானைக் கொண்டு நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்து பார்ப்பவருக்கு ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. 1815இன் தொகை ஒன்றை 1914க்கு மாற்றினால், விடை அதைவிடக் குறைவாக வரும். பெரும்பாலான காலம் தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பவுண்டின் மதிப்பு அந்த நூறு ஆண்டுகளில் ஏறி இறங்கினாலும், முடிவில் தேயவில்லை. தேய்வின் பெரும்பகுதி அதற்குப் பின்னர், போர்க்காலச் செலவுக்காகத் தங்கப் பிணைப்பு தளர்ந்தபோதும், 1931இல் அது கைவிடப்பட்ட பின்னும் வந்தது. பணம் காலப்போக்கில் மதிப்பிழந்தே தீரும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இயற்கை விதி எதுவும் ஆதாரமில்லை; எந்த ஏற்பாட்டின்கீழ் பணம் வெளியிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அந்த நூற்றாண்டின் இடையிடையே விலைகள் நீண்ட காலம் சரிந்துகொண்டே போனதையும், அது கடனாளிகளை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

மெஷரிங்வொர்த் இந்த இரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. ஒரு பழைய தொகையைக் கொடுத்தால் அது ஒரு விடையைத் தருவதில்லை. பல விடைகளைத் தருகிறது. அந்தத் தொகை ஒரு பொருளின் விலையா, ஒருவரின் வருமானமா, சொத்தா, ஒரு பெரிய கட்டுமானத்தின் செலவா என்பதைப் பொறுத்து, எந்த அளவுகோல் பொருத்தமானது என்றும் விளக்குகிறது. முதல் முறை வருகிறவருக்கு இது குழப்பமாகவே இருக்கும்; பக்க அமைப்பும் பழையது, சொற்கள் கல்வித்துறைக்குரியவை. ஆனால் ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்த்தால் இந்தக் குழப்பத்தின் அருமை புரியும். பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1930இல் பெற்ற சம்பளம் 80,000 டாலர். நுகர்வோர் விலைகளைக் கொண்டு 2024க்கு மாற்றினால் அது ஏறத்தாழ 15 லட்சம் டாலர். அன்றைய தலா உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு, அதே ஒப்புநிலையை 2024இல் வைத்தால் 90 லட்சம் டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது எவ்வளவு பங்கு என்று பார்த்து மாற்றினால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர். மூன்றில் எதுவும் பொய்யில்லை. அந்தச் சம்பளத்தால் எவ்வளவு பொருள் வாங்க முடிந்தது என்பதை முதலாவது சொல்கிறது; சமூகத்தில் அவர் மற்றவர்களைவிட எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பதை இரண்டாவது சொல்கிறது; பொருளாதாரத்தின் மொத்த வளத்தில் அவர் எவ்வளவை ஈர்த்தார் என்பதை மூன்றாவது சொல்கிறது. நீட்டலளவைக் கோலால் ஒரு பொருளின் எடையை அறிய முடியாதது போல், விலைக் குறியீட்டெண்ணால் ஒருவரின் நிலையை அறிய முடியாது.

சொத்துகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கும் இந்தத் தளமே முதன்மையானது. 1257 முதலான தங்க விலைத் தொடர் ஒன்று அங்கே உள்ளது. சேமிப்பு எவ்வாறு வளர்ந்திருக்கும், பங்குக் குறியீடு எவ்வாறு வளர்ந்தது என்பவற்றுக்குத் தனித்தனிக் கணிப்பான்கள் உள்ளன. பணம், தங்கம், பங்கு ஆகியவற்றை ஒரே கால எல்லைக்குள் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வசதி முதல் இரண்டு சேவைகளிலும் இல்லை. நிலத்துக்கும் வீட்டுக்கும் இங்கேயும் கணிப்பான் கிடையாது. அது குறையானாலும், காரணம் உள்ள குறை. ஒரு வீடு அதே வீடாக நூறாண்டுகள் இருப்பதில்லை. பழுதுபார்க்கும் செலவு, வரி, விரிவுபடுத்திய பகுதி, ஊர் வளர்ந்ததால் மாறிய சுற்றுப்புறம் ஆகியவற்றை நீக்கிப் பார்ப்பது கடினம். அப்படி நீக்கிப் பார்க்க முயன்ற பொருளியல் அறிஞர் ராபர்ட் ஷில்லர், 1890 முதல் ஒரு நூற்றாண்டு அளவில் அமெரிக்க வீடுகளின் உண்மை விலை மிகக் குறைவாகவே உயர்ந்தது என்று கண்டார். வீட்டின் மதிப்பு எப்போதும் ஏறும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் இந்த ஒன்றையாவது அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மூன்று சேவைகளுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. அது கணக்கில் அல்ல, கணக்குக்கு வெளியே உள்ளது. டாலரும் பவுண்டும் இடையில் அழியாமல் நிலைத்த நாணயங்கள். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்த ஜெர்மனியில், பழைய மார்க்கில் வைத்திருந்த சேமிப்பும் கடன் பத்திரங்களும் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயின. 1917க்குப் பின் ரஷ்யப் பங்குச் சந்தையின் தொடர் அறுந்துபோனது. பிழைத்து நின்றவற்றின் வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கும்போது, அழிந்தவை கணக்கிலேயே வருவதில்லை. கணிப்பானின் பக்கத்தில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

இன்னொன்று, வரி. ஒரு வைப்புத்தொகை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தருகிறது, பணவீக்கம் 5 சதவீதம் என்றால், உண்மை வருவாய் 2 சதவீதம் என்று கழித்துச் சொல்வது வழக்கம். வகுத்துப் பார்த்தால் அது 1.9 சதவீதம். ஆனால் வட்டியின் மேல் 30 சதவீத வரி இருந்தால் கையில் மிஞ்சுவது 4.9 சதவீதம், பணவீக்கத்துக்குப் பின் அது சுழியத்துக்குக் கீழே போய்விடுகிறது. பணவீக்கம் தின்ற பகுதியையும் வருமானமாகவே கருதி வரி வாங்கும் முறை இருக்கும் இடங்களில், பத்திரமான சேமிப்பாகத் தோன்றுவது மெல்லத் தேயும் சேமிப்பாகிறது. இதைக் காட்டும் ஓர் எளிய பெட்டியைச் சேர்ப்பது மூன்று நிறுவனங்களுக்கும் கடினமான வேலையல்ல.

ஊதியம், ஓய்வூதியம், பழைய கடன் போன்று மாத அளவில் துல்லியம் வேண்டிய டாலர் கணக்குக்கு அமெரிக்கப் பணியகத்தின் கணிப்பானையே பரிந்துரைக்கிறேன். நூற்றாண்டுகளைத் தாண்டிய பவுண்டு விலைகளுக்கு பாங்க் ஆஃப் இங்கிலாந்து போதும். சம்பளம், சொத்து, நன்கொடை, அரசுச் செலவு ஆகியவற்றை வரலாற்றில் ஒப்பிடுவோர், ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் குறிப்பாக, மெஷரிங்வொர்த்தின் விளக்கப் பக்கங்களை முதலில் படித்துவிட்டு, எந்த அளவுகோலைப் பயன்படுத்தினோம் என்பதைத் தொகையின் அருகிலேயே எழுத வேண்டும். ஒரு சொத்தைச் சோதிப்பவர் ஒரே ஒரு தொடக்க ஆண்டை வைத்து முடிவுக்கு வராமல், அதன் உச்சத்திலிருந்து ஒரு முறையும் தாழ்விலிருந்து ஒரு முறையும் கணக்கிட்டு, அது தந்த வருவாயையும் வைத்திருப்பதற்கான செலவையும் தனித்தாளில் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பகுதியை மூன்றில் எந்தச் சேவையும் நமக்காகச் செய்து தருவதில்லை.